அரசர் ஆசனமும் அயர்ந்தோர் ஆசனமும்



திறந்த வெளியிலே மக்கள் கூடும் விழாக்களில் நெடுநேரம் நிற்பது நம்மிற் பெரும்பாலோருக்குச் சிறு சிரமமே. ஆயின், நீடித்த களைப்பு நோயால் வருந்துவோருக்கு அது இயலாத காரியம். அத்தகையோர் கையோடு எடுத்துச் சென்று, வேண்டிய இடத்தில் விரித்து அமரத்தக்க ஆசனத்துக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஆராயுமிடத்து வியப்பான உண்மையொன்று புலப்படுகின்றது. மடங்கும் ஆசனத்தை ஆக்கும் தொழில்நுட்பம் மிகப் பழையது. அதனைக் களைத்தவனுக்கு அளிக்கவேண்டும் என்னும் எண்ணமோ மிகப் புதியது.

ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே எகிப்தியர் மடக்காசனத்தை அறிந்திருந்தனர். குறுக்காக அமைந்த இரு சோடிக் கால்கள், அவை சந்திக்கும் இடத்தில் ஓர் அச்சாணி, மேலே தோல் இருக்கை, இவ்வளவே அதன் அமைப்பு. 1922ஆம் ஆண்டிலே ஹவார்ட் காட்டர் கண்டறிந்த துட்டன்காமன் மன்னனின் கல்லறையிலும் இத்தகைய ஆசனங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று கருங்காலியும் தந்தமும் கொண்டு, மடக்காசனத்தின் வடிவிலேயே செய்யப்பட்டது. ஆனால் அது மடங்காது! பயன் மறைந்து, வடிவம் மட்டும் பெருமையின் சின்னமாக எஞ்சிவிட்டது.

அக்கல்லறையில் ஏறக்குறைய 130 ஊன்றுகோல்களும் காணப்பட்டன. இளவயதிலேயே இறந்த அம்மன்னன், அமர்ந்தவாறே அம்பு எய்யும் காட்சியும் அங்குள்ள சிறு பொற்பேழையிற் செதுக்கப்பட்டுள்ளது. அவனது பாத எலும்பில் நோய்க்குறிகள் இருந்தனவென 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கூறிற்று. அம்முடிபை ஏற்காத அறிஞரும் உளர். எவ்வாறாயினும், அரசன் அமர்ந்திருந்து வேட்டையாடினால் அதனைக் குறையென்று சொல்ல எவரும் துணியார் என்பது தெளிவு.

வட ஐரோப்பாவிலும் இதே செய்திதான். டென்மார்க்கின் குல்தோய் என்னுமிடத்து மண்மேட்டை 1891ஆம் ஆண்டில் அகழ்ந்தபோது, கருவாலிமரப் பெட்டியொன்றில் அடக்கஞ்செய்யப்பட்ட ஒருவரோடு மடக்காசனம் ஒன்றும் கிடைத்தது. அது கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உரோமாபுரியிலே கொன்சல் முதலிய உயர் அதிகாரிகளுக்கு மட்டுமே உரிய வளைகால் ஆசனத்தை ஏவலர் சுமந்து சென்றனர். சீன தேசத்திலே, கி.பி. 168 முதல் 189 வரை ஆண்ட லிங் பேரரசன் வடபுலத்தாரின் மடக்காசனத்தைப் பெரிதும் விரும்பினான். பின்னர் அதற்குச் சாய்மானமும் சேர்ந்தது. ‘முதலாவது மடக்குக் கதிரை’ என்னும் தொடர் இன்றும் சீன மொழியிலே தலைவனின் இடத்தைக் குறிக்கும்.

இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகள் ஆசனத்தில் அமர்ந்தவன் ஆள்பவன். அதனைச் சுமந்து நின்றவன் ஏவலன். இருவருள் உண்மையிற் களைத்தவன் யாவன் என்று எவரும் வினவினாரல்லர்.

19ஆம் நூற்றாண்டிலே நிலைமை மாறத் தொடங்கிற்று. 1877இல் பென்பி என்னும் ஆங்கிலேயர், மரச்சட்டமும் கன்வஸ் துணியும் கொண்ட மடக்குக் கதிரைக்குக் காப்புரிமை பெற்றார். 1886இல் மக்கிள்ஸ்பீல்ட் நகரத்து ஜோன் தோமஸ் மூர் சாய்வை மாற்றியமைக்கத்தக்க கதிரைக்குக் காப்புரிமை பெற்றார். கப்பல் தட்டுகளிலும் கடற்கரைகளிலும் பூங்காக்களிலும் இவ்வகைக் கதிரைகள் பரவின. சிறு வாடகை செலுத்தக்கூடிய எவரும் இப்போது அமரலாயினர்.

விலை குறைந்தாலும் உரிமை தானாக வந்துவிடவில்லை. கடைகளிலே நாள் முழுதும் நின்று வேலைசெய்த பெண்களுக்காகப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1899ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. மூன்று பெண்களுக்கு ஓர் ஆசனமேனும் வைத்தல் வேண்டும் என்பது அதன் விதி. இவ்வுரிமை கேரளத்தில் 2018ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டிலுமே சட்டமாயிற்று என்பதை எண்ணுக.

மாற்றுத்திறனாளிகள் தாமே இத்துறையிற் புகுந்தமை அடுத்த படியாகும். சுரங்க விபத்தில் நடக்கும் ஆற்றலை இழந்த ஹேர்பேட் எவரெஸ்ட் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், தம் நண்பர் ஹரி ஜெனிங்ஸ் என்பவருடன் சேர்ந்து, 1930களில் மோட்டார் வண்டிக்குள் மடித்து வைக்கத்தக்க சக்கர நாற்காலியை உருவாக்கினார். எகிப்தியர் கண்ட அதே குறுக்குக் கால் அமைப்பே அதற்கு அடிப்படை. இளம்பிள்ளைவாத நோயுற்ற ஐனா விவால்க் என்னும் சுவீடன் நாட்டு மாது 1978இல் சக்கரமுள்ள நடைதாங்கியை அமைத்தார். இன்று அவ்வகைத் தாங்கிகள் பலவற்றில், நின்ற இடத்திலேயே அமர்ந்து இளைப்பாற இருக்கைப் பலகையும் உண்டு.

புறத்தே தெரியும் ஊனத்துக்கு உலகம் இவ்வாறு ஓரளவு இடங்கொடுத்தது. புறத்தே தெரியாத களைப்புக்கோ இடங்கொடுக்கத் தயங்கிற்று. 1955ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் பிரீ மருத்துவமனையின் பணியாளருள் ஏறக்குறைய 300 பேரை ஒரு நோய் பீடித்தது. தசைநோவும் கடுஞ்சோர்வும் அதன் குறிகள். மருத்துவமனையையே சில மாதங்கள் மூட நேர்ந்தது. எனினும், 1970இல் உளமருத்துவர் இருவர் அதனைக் கூட்டு மனப்பதற்றம் என எழுதினர். ‘நீடித்த களைப்பு நோய்க்குறித்தொகுதி’ என்னும் பெயர் 1988இல் இடப்பட்டது. அது உடலின் பல தொகுதிகளையும் தாக்கும் கடுமையான நோயே என்று அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை உறுதியாகக் கூறியது 2015ஆம் ஆண்டில்தான்.

இந்நோயாளருக்கு நிற்றல் ஏன் அரிதாகின்றது? நாம் எழுந்து நிற்கும்போது ஏறக்குறைய அரை லீற்றரோ அதற்கு மேலோ இரத்தம் உடலின் கீழ்ப்பகுதிக்கு இறங்குகின்றது. ஆரோக்கியமான உடலில் நரம்புகள் உடனே குருதிக்குழாய்களைச் சுருக்கி அதனைச் சமன்செய்யும். இந்நோயாளர் பலரிடத்தில் அச்செயல் பிழைக்கின்றது. நெஞ்சு படபடக்கும்; தலை சுற்றும்; சிந்தை மங்கும். அன்று சக்திக்கு மிஞ்சி நின்றதன் பயனாக மறுநாளும் அதன் பின்னரும் படுக்கையிற் கிடக்கவும் நேரும்.

ஆதலின் இவர்களுக்கான ஆசனம் மிக இலேசாயிருத்தல் வேண்டும், சுமப்பதே களைப்பாகிவிடலாகாது. மூன்று கால் முக்காலி இலேசானதெனினும் மணலிற் புதையும். தாழ்வாயின் எழுதற்கு அரிது. ஊன்றுகோல் ஆசனம் உடலின் பாரத்தை முழுதும் தாங்காது. சாய்மானமும், கால்களை நீட்டற்கு இடமும், அகன்ற பாதங்களும் உடையதே சிறந்தது.

ஆயினும், ஆசனத்தினும் அரியது அதனை விரிக்க இடங்கொடுக்கும் மனம். கோயில் வீதியிலோ பாடசாலை விளையாட்டு மைதானத்திலோ இளைஞர் ஒருவர் கதிரையை விரித்து அமர்ந்தால், ‘நல்ல உடம்புக்கு இது என்ன சொகுசு?’ என்னும் பார்வை பாய்கின்றது. அப்பார்வைக்கு அஞ்சி வீட்டிலேயே தங்கிவிடுவோர் பலர். அமர்ந்திருந்த அரசனை யாரும் காரணம் கேட்டதில்லை. அந்த மரியாதையை நோயுற்றவனுக்கும் நல்குவோமாயின், 4,000 ஆண்டுகளாக நடந்துவந்த அந்த ஆசனம் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்ததாகும்.