சனோமெலின்-ட்ரோஸ்பியம்

சனோமெலின்-ட்ரோஸ்பியம் என்பது மனச்சிதைவு நோய்க்கான ஒரு கூட்டு மருந்தாகும். 1950களில் குளோர்புரோமசின் வந்தது முதல் இந்நோய்க்கான மருந்துகள் மூளையின் டோப்பமைன் ஏற்பிகளைச் சார்ந்தே செயற்பட்டன. இல்லாத குரல்கள் கேட்பது குறைந்தாலும், கைநடுக்கம், உடல் இறுக்கம் போன்ற பக்க விளைவுகளால் மருந்தை நிறுத்தியோர் பலர்.

சனோமெலின் அசிட்டைல்கோலினுக்குரிய எம்1, எம்4 மஸ்கரினிக் ஏற்பிகளைத் தூண்டுகிறது. 1990களில் ஆல்சைமர் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது, அவர்களுடைய மாயத்தோற்றங்களும் பிறழ்நம்பிக்கைகளும் தணிந்தன. ஆயினும் செரிமான மண்டலத்திலும் மஸ்கரினிக் ஏற்பிகள் உள்ளமையால் குமட்டலும் வாந்தியும் மிகுந்து, மருந்து கைவிடப்பட்டது.

பின்னர், சிறுநீர்ப்பைக் கோளாறுக்குப் பயன்படும் ட்ரோஸ்பியம் இதனுடன் சேர்க்கப்பட்டது. அது மஸ்கரினிக் ஏற்பிகளைத் தடுப்பது. ஆனால் மூளைக்குள் பெரிதும் நுழையாது. எனவே குடலில் விளைவு தணிய, மூளையில் நீடிக்கிறது. குமட்டல் முற்றிலும் நீங்கவில்லை. ஐக்கிய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் செப்டம்பர் 2024 இல் ஒப்புதல் அளித்தது. அதற்கு அடிப்படையான ஒப்பீட்டு ஆய்வுகள் ஐந்து வாரங்களே நடந்தவை.