பாசனக் கிணற்று நீரைக் குடிக்கிறீர்களா? கவனிக்க வேண்டியவை

தோட்டத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களில் பலருக்குப் பாசனக் கிணறுதான் குடிநீர்க் கிணறும். ஒரே மோட்டார் காலையில் வீட்டுத் தொட்டியை நிரப்பும். பிறகு வாழைக்கோ தென்னைக்கோ பாயும். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, காலங்காலமாகக் குடித்து வருகிறோம் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் தாத்தா காலத்தில் கிணற்றுக்குப் பக்கத்தில் கழிப்பறைக் குழி இல்லை, சொட்டுநீர்க் குழாயில் யூரியாவும் போகவில்லை.

புதிதாக வீடு கட்டுபவர்கள் முதலில் தூரத்தைப் பாருங்கள். கழிப்பறைக் குழி, செப்டிக் டேங்க், எருக்குழி, மாட்டுத் தொழுவம் ஆகியவை கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான பக்கத்தில் இருக்க வேண்டும். பாறை வெடிப்பு உள்ள நிலத்தில் இன்னும் தள்ளிப் போவது நல்லது. வெடிப்பு வழியாகக் கழிவுநீர் வடிகட்டப்படாமல் வெகுதூரம் போய்விடும்.

திறந்த கிணறு என்றால் மேலிருந்து 20 அடி ஆழம் வரை நீர் கசியாத உட்சுவர், இடுப்பளவு கைப்பிடிச் சுவர், சுற்றிலும் மூன்றடி அகலத்துக்கு வெளிப்புறம் சரிந்த சிமென்ட் தளம், மேலே மூடி ஆகியவை வேண்டும். போர் என்றால் கேசிங் குழாயைச் சுற்றித் தரைக்கு மேல் ஓரடி, கீழ் ஓரடி கான்கிரீட் மேடை போட்டு, வாயை இறுக மூட வேண்டும். குழந்தைகள் விழாமல் தடுக்க 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஏற்பாடு இது. மழைநீர் உள்ளே இறங்காமல் தடுப்பதற்கும் இதுவே உதவும்.

உரக் கரைசல் கிணற்றுக்குத் திரும்பும் ஆபத்து

பலரும் கவனிக்காத இடம் இதுதான். சொட்டுநீரில் வெஞ்சுரி வைத்து உரம் கொடுக்கும்போது திடீரென்று மின்சாரம் நின்றால், குழாயில் உள்ள தண்ணீர் கிணற்றை நோக்கிப் பின்வாங்கும். அப்போது உரத்தொட்டியில் உள்ள கரைசலையும் இழுத்துக்கொண்டு போகும். மும்முனை மின்சாரம் இரவில் வரும் ஊர்களில் ஓடிப்போய் வால்வை மூடப் பக்கத்தில் ஆள் இருக்காது. மோட்டாரில் உள்ள வால்வு தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். அது தேய்ந்து கசிவது சாதாரணம்.

ஆகவே வீட்டுத் தொட்டிக்குப் போகும் குழாயை வெஞ்சுரிக்கு முன்பாகவே பிரித்துவிடுங்கள். அந்தப் பிரிவுக்கும் வெஞ்சுரிக்கும் நடுவில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துங்கள். அதற்கு ஆகும் செலவு பெரிதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி, மண்ணும் உப்பும் படிந்திருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

மருந்து டிரம்மில் தண்ணீர் பிடிக்கும்போதும் ஹோஸ் முனை மருந்துக் கரைசலில் மூழ்கக் கூடாது. ஒரு சாண் மேலேயே இருக்கட்டும். கைத்தெளிப்பானைக் கிணற்று மேட்டில் கழுவவே கூடாது. பூச்சிமருந்து கிணற்றில் கலந்துவிட்டால் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பயனில்லை. தண்ணீரை இறைத்துவிட்டு, பரிசோதனை முடிவு வரும்வரை குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்த வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?

கிருமிகளைக் கொல்ல 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் போதும். 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 28,000 லிட்டர் இருக்கும். அதற்கு 70 கிராம். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம். ஒரு மணி நேரமாவது விட வேண்டும். இரவில் போட்டுக் காலையில் எடுப்பது வசதி.

பெரிய பாசனக் கிணறுகளுக்கு இது வீண் செலவு. வீட்டுத் தொட்டியில் போட்டால் போதும். கடையில் 25 கிராம் நிறுத்து வாங்கிப் பத்துப் பொட்டலமாக மடித்தால், ஒரு பொட்டலம் 1,000 லிட்டருக்குச் சரியாக இருக்கும். பொட்டலங்களைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். திறந்து கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது. கலங்கிய நீரிலும் அது சரியாக வேலை செய்யாது. வெள்ளநீர் புகுந்த கிணற்றை முதலில் இறைத்துத் தெளிய வைத்த பிறகே போட வேண்டும்.

காய்ச்சினாலும் போகாதவை

நைட்ரேட்டும் புளூரைடும் பிளீச்சிங் பவுடருக்கோ காய்ச்சுவதற்கோ கட்டுப்படாது. காய்ச்சினால் தண்ணீர் வற்றி, அவற்றின் அளவு கூடவே செய்யும். யூரியா, சாணம், கழிப்பறைக் கழிவு ஆகியவற்றிலிருந்து வரும் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500). அதற்கு மேற்பட்ட நீரில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். உயிருக்கே ஆபத்து. சுவையிலோ மணத்திலோ இதைக் கண்டுபிடிக்க முடியாது.

புளூரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் பல்லில் கறையும், நாளடைவில் எலும்புப் பாதிப்பும் வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதனால்தான். அந்தப் பகுதியில் போர் ஆழமாக இருப்பதால் நல்ல தண்ணீர் என்று எண்ண வேண்டாம்.

ஆர்.ஓ. விற்பவர் டி.டி.எஸ். மீட்டரை நனைத்துக் காட்டுவார். அது மொத்த உப்பை மட்டுமே சொல்லும். எண் குறைவாக இருந்தாலும் தண்ணீரில் கிருமியோ நைட்ரேட்டோ இருக்கலாம். முதலில் பரிசோதனை, பிறகுதான் இயந்திரம்.

மாவட்டந்தோறும் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான கேனை அதே நீரில் அலசி, 2 லிட்டர் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். அதை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். கிருமிச் சோதனையில் 100 மில்லி நீரில் ஒரு ஈ.கோலை கூட இருக்கக் கூடாது. கோடையில் ஒருமுறை, மழை முடிந்ததும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஊராட்சிக் குழாய் இணைப்பு இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் குழாயையும் போர் குழாயையும் ஒன்றாக இணைக்கக் கூடாது. தெருக்குழாயில் அழுத்தம் குறையும்போது உங்கள் கிணற்று நீர் அதற்குள் போய் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்ந்துவிடும். இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி வையுங்கள்.