நாசி பாடாங் உணவகம்

இந்தோனேசியாவின் மேற்கு சுமாத்திரா மாகாணத்தைச் சேர்ந்த மினாங்கபாவ் (சுருக்கமாக மினாங்) மக்கள் நடத்தும் சோற்றுக்கடைக்கு நாசி பாடாங் உணவகம் என்று பெயர். பாடாங் அம்மாகாணத்தின் தலைநகரம். இந்தியப் பெருங்கடலைப் பார்த்திருக்கும் பழைய துறைமுகம். இக்கடைகளில் என்ன இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் இல்லை. உட்கார்ந்த சில நிமிடங்களில் பதினைந்து இருபது சிறு தட்டுகள் மேசையை நிறைத்துவிடும். தொட்டதற்கு மட்டும் காசு. இந்தோனேசியாவில் இந்தக் கடை இல்லாத நகரத்தைக் காண்பது அரிது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேரூன்றிப் பல தலைமுறை ஆகிறது.

பாடாங்கில் பிறந்து வெளியே பரவிய உணவகம் என்று இதைச் சொல்வது பாதிதான் சரி. சமையல் மினாங் கிராமங்களுடையது, அதிலும் பெரும்பகுதி புக்கிட்டிங்கி, பாயாகும்பு போன்ற மலைநாட்டு ஊர்களுடையது. ஆனால் உணவகத்துக்குப் பெயரும் இன்றைய உருவமும் வாய்த்தது, பிழைக்கப் போன இடங்களில்தான். மேற்கு சுமாத்திராவுக்குள் கடைப் பலகைகளில் 'பாடாங்' என்ற சொல் அபூர்வம். அங்கே எல்லாமே வெறும் சோற்றுக்கடைகள்தான்.

ஊர்விட்டுப் போதல்

மினாங்கபாவ் சமூகம் தாய்வழிச் சமூகம். குடும்ப வீடும் வயலும் பெண்கள் வழியாக இறங்கும். பழைய வழக்கப்படி வயது வந்த பையனுக்குத் தாய்வீட்டில் தனி அறை இருக்கவில்லை. இரவில் 'சுராவ்' எனப்படும் தொழுகைக்கூடத்தில் படுத்தான், பிறகு ஊரைவிட்டுக் கிளம்பினான். பொருளும் அனுபவமும் தேடி இப்படிப் போவதை 'மெராந்தாவ்' என்கிறார்கள். சமூகவியலாளர் மொக்தார் நாயிம் 1970களில் இதைப் பற்றி எழுதிய ஆய்வு இன்றும் இத்துறையின் அடிப்படை நூல். போனவர்களில் ஆசிரியர்களும் மதபோதகர்களும் உண்டு, ஆனால் துணிக்கடையும் சோற்றுக்கடையுமே பெரும்பாலோரின் பிழைப்பு ஆயின. ஊரில் அடுப்படி பெண்களுடையது. வெளியூர்க் கடையிலோ சமைப்பவரும் பரிமாறுபவரும் பெரும்பாலும் ஆண்கள்.

கடையின் மூத்த வடிவம் 'லாபாவ்'. மினாங் ஊர்களில் ஆண்கள் கூடிக் காப்பி குடித்து, வம்பளந்து, அரசியல் பேசும் சிறு கடை அது. 1847இல் டச்சு ஆட்சி மலைநாட்டில் கட்டாயக் காப்பிச் சாகுபடியைக் கொண்டுவந்தபின், மூட்டைகளோடு மலைக்கும் கடற்கரைக்கும் இடையே நடந்தவர்கள் வழியில் சாப்பிட வேண்டியிருந்தது. 1890களில் சாவாலுண்டோ நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து பாடாங் துறைமுகத்துக்கு ரயில் வந்தது. சந்தையைச் சுற்றியும் பாதையோரத்திலும் சோற்றுக்கடைகளுக்கு வேலை பெருகியது.

சந்தைச் சோற்றில் தனித்து நிற்பது, புக்கிட்டிங்கிக்குப் பக்கத்துக் காப்பாவ் ஊர்ப் பெண்கள் நடத்தும் 'நாசி காப்பாவ்'. பானைகளைப் படிப்படியாக அடுக்கி, அவற்றுக்குப் பின்னால் உயரத்தில் உட்கார்ந்து, நீளக் கைப்பிடி அகப்பையால் எட்டி எடுத்து வாடிக்கையாளர் தட்டில் போடுவார்கள். முட்டைக் கலவை அடைத்த மாட்டுக்குடல், பலாக்காயும் கோசும் காராமணிக்காயும் சேர்ந்த குழம்பு ஆகியவை அங்கே பேர்போனவை. இதையும் நாசி பாடாங்கையும் ஒன்றாக்கிப் பேசினால் காப்பாவ்காரர்களுக்குப் பிடிக்காது. அதில் நியாயமும் உண்டு.

குழம்பும் கடல்வழியும்

கொத்தமல்லி, சீரகம், ஏலம், பட்டை எல்லாம் அரைத்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிடும் 'குலாய்' குழம்பில் இந்திய வணிகர்களின் கைவண்ணம் இருப்பதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். எந்த ஆண்டில் யார் கற்றுக்கொடுத்தார் என்று தேடுவது வீண்வேலை. ஆனால் தொடர்பு கற்பனை அல்ல. பாடாங் பழைய நகரத்தில் 19ஆம் நூற்றாண்டில் இந்திய முஸ்லிம்கள் கட்டிய முகமதன் பள்ளிவாசல் இன்னும் நிற்கிறது. ஆண்டுக்கொரு முறை அதன் கூரையிலிருந்து வண்ணத் துணிகளில் முடிந்த சர்க்கரையைக் கூட்டத்தின்மேல் வீசுவார்கள். நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை நினைவாக நடக்கும் விழா அது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று மினாங் மொழி பேசும் பாடாங்காரர்கள்.

மசாலாவோடு பேரரத்தை, எலுமிச்சைப் புல், மஞ்சள் இலை, கொடம்புளி இனத்தைச் சேர்ந்த ஆசாம் கண்டிஸ் எல்லாம் சேரும்போது குழம்பு நம் பக்கத்து ருசியை விட்டு விலகிவிடுகிறது. அதே குழம்பு வற்ற வற்றப் பெயர் மாறும். நீர்க்க இருந்தால் குலாய், கெட்டியாகிப் பழுப்பேறினால் 'காலியோ', பால் முழுக்க வற்றி எண்ணெய் பிரிந்து, அந்த எண்ணெயிலேயே இறைச்சி கறுத்து வறுபட்டால் 'ரெண்டாங்'. இதற்குப் பல மணி நேரம் அடுப்பருகில் நின்று கிளற வேண்டும். கடைகளில் ரெண்டாங் என்று கிடைப்பது பல நேரம் காலியோதான். முறையாக வற்றவைத்த ரெண்டாங் குளிர்பெட்டி இல்லாமல் வாரக்கணக்கில் கெடாது. பயணத்துக்குப் பொதி கட்டும் சமூகத்தின் சமையலில் இது தற்செயல் அல்ல. காலையில் சமைத்து மாலைவரை விற்கும் வணிகத்துக்கும் இந்தக் குணமே முதல் மூலதனம்.

பெயர் வந்த கதை

லைடன் பல்கலைக்கழகத்து மினாங் ஆய்வாளர் சுர்யாடி, பழைய செய்தித்தாள்களைத் துழாவி 1937ஆம் ஆண்டு விளம்பரம் ஒன்றைக் கண்டெடுத்தார். ஜாவாவின் வடகரையிலுள்ள சிரெபோன் நகரில், டச்சு மொழியில் 'பாடாங் உணவகம்' என்று சொல்லிக்கொண்ட 'கொஞ்சாங் லிடா' என்ற கடையின் விளம்பரம் அது. நாக்கை உலுக்கும் கடை என்று பொருள். இப்பெயரோடு அச்சில் கிடைக்கும் பழைய சான்றுகளில் இது முக்கியமானது. கடை இருந்தது சுமாத்திராவில் அல்ல, ஜாவாவில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பரவலுக்குப் பெரிய உந்துதல் ஒரு தோல்வி. 1958 பிப்ரவரி 15 அன்று பாடாங்கில், அதிபர் சுகர்னோவின் ஆட்சிக்கு எதிராக 'புரட்சி அரசாங்கம்' ஒன்று அறிவிக்கப்பட்டது. இரண்டே மாதத்தில் ஜகார்த்தாவின் படை நகரத்தைப் பிடித்தது. மலைநாட்டுச் சண்டை 1961 வரை இழுத்தது. தோற்ற மண்ணில் பயமும் அவமானமும் மிஞ்சின. பிள்ளைகளுக்கு மினாங் அடையாளம் தெரியாத பெயர்களை வைக்கும் பழக்கம்கூட அப்போது பரவியது. கூட்டங்கூட்டமாக ஜகார்த்தாவுக்கும் மேடானுக்கும் பாலெம்பாங்குக்கும் கிளம்பினார்கள். பேரை மறைத்துக்கொண்டவர்கள் சோற்றை மறைக்கவில்லை. இன்று பெரிய பெயர்களாக இருக்கும் கடைகள் பல இதற்குப் பிந்திய பதினைந்து ஆண்டுகளில் எழுந்தவை. மேற்கு சுமாத்திராவின் லிந்தாவ் பகுதியிலிருந்து வந்த புஸ்தாமான், ஜகார்த்தாவின் பெண்டுங்கான் ஹிலிர் தெருவோரத்தில் 1972இல் தொடங்கிய 'செடர்ஹானா' பின்னர் நாடு முழுவதும் கிளைவிட்டது. எளிமை என்று பொருள்படும் அந்தப் பெயரை எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டார்கள்.

சிங்கப்பூரின் கதை இதற்கு முந்தியது. ஹஜ் பயணிகள் கப்பலுக்காகக் காத்திருந்த கம்போங் கிளாமில், குறிப்பாகக் கந்தகார் தெருவை ஒட்டி, மினாங் குடும்பங்கள் கடை போட்டன. பாரியாமான் கடற்கரை ஊரின் பெயர் தாங்கிய 'வாரோங் நாசி பாரியாமான்' 1948இல் அங்கே திறந்தது.

மேசைக்கு வரும் தட்டுகள்

பழைய கடையின் முகப்பில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே தட்டுக்குமேல் தட்டு, கிண்ணத்துக்குமேல் கிண்ணம் என்று அடுக்கிய கறிகள் தெருவைப் பார்த்திருக்கும். பரிமாறுபவர் இடதுகையில், விரல்முனையிலிருந்து முழங்கைவரை, தட்டுகளை அடுக்கி ஏந்தி வருவார். ஒரே கையில் பதினைந்துக்கு மேல் சுமப்பவர்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் பழக வேண்டிய தொழில். இப்படி எல்லாவற்றையும் கொண்டுவந்து பரப்பும் முறைக்கு 'ஹிடாங்' என்று பெயர். டச்சுக்காரர்களின் 'ரைஸ்ட்டாஃபெல்' விருந்துக்கும் இதற்கும் உறவு காட்டுவோர் உண்டு. எது எதைப் பார்த்துச் செய்தது என்ற வாதத்தைவிட, மினாங் விசேஷங்களில் தரையில் பல பதார்த்தங்களைப் பரப்பி வட்டமாக உட்கார்ந்து உண்ணும் 'பஜம்பா' பந்தியே இதன் தாய் என்பது எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

சாப்பாடு வலதுகையால். எலுமிச்சைத் துண்டு மிதக்கும் கைகழுவும் கிண்ணம் முதலில் வரும்; புதியவர்கள் அதைக் குடிக்கப் பார்ப்பது எல்லாக் கடைகளிலும் சொல்லும் நகைச்சுவை. வெள்ளைச் சோறு, வேகவைத்த மரவள்ளி இலை, பச்சைமிளகாய்ச் சம்பல் ஆகியவை எப்போதும் இருக்கும். சுற்றிலும் ரெண்டாங், மீன்தலைக் குலாய், மாட்டுமூளை, மாட்டுக்காலின் தசைநார், நுரையீரல் வறுவல், மெல்லிசாகச் சீவி வறுத்துச் சிவப்பு மிளகாய் தடவிய 'டெண்டெங் பாலாடோ', தடித்த முட்டை அடை. தோலுரித்து, இளநீரில் வேகவைத்து, எண்ணெயில் லேசாகப் புரட்டிய வெளுத்த கோழிக்கு 'ஆயாம் பொப்' என்று பெயர். புக்கிட்டிங்கி உணவகம் ஒன்றின் கண்டுபிடிப்பு. சிவப்பும் பழுப்புமான மேசையில் அது மட்டும் வெளிறி இருக்கும், ஆனால் முதலில் தீர்வது பெரும்பாலும் அதுவே.

முடிந்ததும் பரிமாறுபவர் வந்து, எஞ்சிய தட்டுகளைப் பார்த்து, காலியானவற்றைக் கணக்கிடுவார். இரண்டு துண்டு இருந்த தட்டில் ஒன்று போயிருந்தால் ஒன்றுக்கு மட்டும் விலை. குழம்பை மட்டும் தொட்டுக்கொண்டால் பல கடைகளில் கணக்கில் வராது. தொடாதவை திரும்பக் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். சுகாதாரம் பற்றிய முணுமுணுப்பு இதனால் எப்போதுமே இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பலமாகவே எழுந்தது. தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் வாங்கும் முறை நகரங்களில் வளர இதுவும் ஒரு காரணம்.

பொட்டலம் வாங்கினால் சோறு கூடுதலாக இருக்கும். பாத்திரம் கழுவும் செலவு மிச்சம் என்பது கடைக்காரர் விளக்கம். கடைக்குள் உட்கார முடியாத ஏழைகளுக்காகக் காலனிக் காலத்தில் தொடங்கிய தயவு என்பது மக்கள் சொல்லும் கதை.

லாபத்தைப் பிரிக்கும் முறை

வெளியார் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் இவ்வளவு கடைகள் முளைத்ததற்குப் பெருங்காரணமான ஏற்பாடு 'மாதோ'. மரபான கடைகளில் மாதச் சம்பளம் இல்லை. ஏறத்தாழ நூறு நாளுக்கு ஒருமுறை கணக்கு முடித்து, செலவும் ஜகாத்தும் கழித்து, மிச்சத்தை முதலீட்டாளருக்கும் உழைப்பவர்களுக்கும் பங்கிடுவார்கள். உழைப்பவர் பங்கு ஒவ்வொருவரின் வேலைக்கேற்ப மாதோக்களாகப் பிரியும். தலைமைச் சமையல்காரருக்கு அதிகம், பாத்திரம் கழுவும் பையனுக்குக் குறைவு, ஆனால் அவனுக்கும் உண்டு. பாத்திரம் கழுவ வந்தவன் பரிமாறுபவனாகி, அடுப்படிக்குப் போய், சேர்த்த பங்கோடு தனிக்கடை போடுவது இந்தத் தொழிலின் ஏணி. பழைய கடை தன் போட்டியாளரைத் தானே வளர்த்துவிட்டது.

பெயர் யாருடையது

2011இல் சி.என்.என். இணையதள வாசகர் வாக்கெடுப்பில் ரெண்டாங் உலகின் சுவையான உணவுகளில் முதலிடம் பெற்றபின், பாடாங் என்ற பெயரின் மதிப்பு ஏறியது. மினாங் அல்லாதவர்களும் அப்பெயரில் கடை வைத்தார்கள். 2024 அக்டோபரில், அதே சிரெபோனில், மலிவுக் கடை ஒன்றின் கண்ணாடியிலிருந்து 'பாடாங்' எழுத்துகளைச் சிலர் சுரண்டி எடுக்கும் காணொளி பரவி நாடெங்கும் சர்ச்சையானது. யார் வேண்டுமானாலும் சமைத்து விற்கலாம் என்று மினாங் அமைப்பினர் விளக்கம் சொல்ல நேர்ந்தது. சண்டைக்குக் காரணமான கடைகளில் தட்டடுக்கும் இல்லை, ஹிடாங்கும் இல்லை. ஒரு துண்டு கோழி, மரவள்ளி இலை, சம்பல், சோறு. பொட்டலம் அப்போது சுமார் பத்தாயிரம் ரூப்பியா.