திருமடைப்பள்ளிச் சொற்கள்

திருக்கோயில் மடைப்பள்ளியில் பண்டங்களைப் போலவே சொற்களும் தனித்துப் போற்றப்படுகின்றன. இறைவன் திருமுன் செல்லும் சோறு திருவமுது. அதற்கு அளக்கும் அரிசி அமுதுபடி. கறியமுது, நெய்யமுது, தயிரமுது என்று கல்வெட்டுகள் பேசும். பாக்கும் அடைக்காயமுது என்று பெயர் பெறும். வைணவ மரபில் இரசத்தைச் சாற்றமுது என்றும், பாயசத்தைத் திருக்கண்ணமுது என்றும் இன்றும் வழங்குகின்றனர்.

இவை வெறும் மரியாதைச் சொற்கள் என்று எண்ணிவிடலாகாது. பண்டைய கொடையாளர்க்கு இச்சொற்களே அறத்தின் காவல். இதற்கு அம்பாசமுத்திரத்து வரகுணமகாராசர் கல்வெட்டு சிறந்த சான்று. ஏறத்தாழ 9-ஆம் நூற்றாண்டினதாகிய அக்கொடையை அப்பாண்டியர் அளித்தது நம் மலைக்கு வடபால் ஓடிக் கிழக்கே செல்லும் பெண்ணையின் கரையில், அரைசூரில் தங்கியிருந்தபோதாகும்! இளங்கோய்க்குடிச் சபையாரிடம் 290 காசு வைத்தார். முதல் கெடாமல், காசுக்கு ஆண்டுதோறும் 2 கலமாக 580 கலம் நெல் வட்டியாக வரவேண்டும். அதனைக்கொண்டு திருப்போத்துடைய படாரர்க்கு நாள்தோறும் நான்கு வேளை அமுது செய்விக்க வேண்டும்.

அம்மட்டில் மன்னர் நின்றாரில்லை. செந்நெல்லைத் தீட்டிய அரிசி, பசுவின் நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை என ஒவ்வொன்றையும் பெயர் சுட்டினார். காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி எனக் கறிகளையும் வகுத்தார். புழுக்குதலாவது வேகவைத்தல், புழுங்கலரிசி என்னும் சொல்லில் அவ்வேர் இன்னும் வாழ்கிறது. பயற்றம்பருப்பால் ஆக்கும் கும்மாயமும் அதில் உண்டு. செட்டிநாட்டில் உளுந்தும் வெல்லமும் சேர்த்துக் கிண்டும் இனிப்புக்கு அப்பெயர் இன்று நிலைத்திருக்கிறது.

காயம் என்ற சொல்லைக் காணின் இன்றைய வாசகர் பெருங்காயம் என்றே கொள்வர். கல்வெட்டிலோ அது மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்துமல்லி ஆகிய சம்பாரப் பொருள்களின் பொதுப்பெயர். மிளகாய் அதில் இல்லை, இருக்கவும் இயலாது. அமெரிக்கக் கண்டத்துப் பயிராகிய அது, 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்த பின்னரே போர்த்துக்கீசியர் வாயிலாக இந்நாட்டை அடைந்தது. மிளகின் காரம் உடைய காய் என்று தமிழர் அதற்குப் பெயரிட்டுக்கொண்டனர். இன்று கல்வராயன் மலைச்சரிவெங்கும் காணும் மரவள்ளியும் அவ்வாறே கடல் கடந்து வந்ததுதான். சாமையும் தினையும் அவற்றினும் நெடுங்காலம் முன்னரே இம்மண்ணில் விளைந்தவை.

இக்காலத்துக் கட்டளைகள் பெரும்பாலும், நைவேத்தியத்திற்கு இவ்வளவு ரூபாய், என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன. ஆண்டுகள் செல்லப் பணத்தின் மதிப்பு குறையும். அதற்கேற்ப நெய் குறையும், பிறகு பருப்பு குறையும். குறைந்தது யாது என்று கேட்கவும் ஏட்டில் இடம் இராது. நாழி என்று எழுதிய இடத்திலோ உழக்கு அளந்தால் எழுத்தறிந்த எவரும் தட்டிக்கேட்கலாம். காசு தந்த பாண்டியரும் அதனை நெல்லாக மாற்றி, நெல்லைப் பண்டமாக வகுத்துத் தந்த நுட்பம் இதுவே என்பது எம் கருத்து.

வெள்ளிமலைப் பகுதித் திருக்கோயில்களுக்குக் கட்டளை வைக்க எண்ணும் அன்பர்கள் தொகையோடு பண்டத்தையும் அளவையும் எழுதி வைப்பாராக. முருகனுக்கு உகந்த தேனும் தினைமாவும் ஆயின், தினை எத்தனை படி, தேன் எத்தனை பலம், எந்த நாளில், எந்த வேளையில் என்பன அவ்வேட்டில் விளங்கவேண்டும்.