மாரிக் குளிரும் வெந்நீர் அறையும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்றுகொண்டு குளிரைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் அவ்வாவியின் இருமருங்கும் ஆண்டின் பெரும்பகுதி வெயிலே ஆட்சி செய்கின்றது. ஆயினும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று மழையைச் சுமந்து வரும்போது, அக்கரைகளில் வாழ்வோர் விடியற்காலையில் கிணற்றடிக்குச் செல்ல எவ்வளவு தயங்குவர் என்பதை அங்கே ஒரு மாரியேனும் கழித்தவர் அறிவர்.

அக்குளிரை எளிதாக எண்ணிவிடுதலும் தகாது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில், மாண்டஸ் எனப் பெயர் பெற்ற புயல் வங்கக் கடலைக் கடந்த நாட்களில், வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மேய்ச்சல் வெளிகளில் நின்ற மாடுகள் நூற்றுக்கணக்கில் மாண்டன. நீர் உறையும் குளிர் அன்று, பனியும் பெய்யவில்லை. மழையில் நனைந்த உடலும் ஓயாது வீசிய காற்றும் சேர்ந்தே அவற்றின் உயிரைக் குடித்தன. சங்ககாலத்து நெடுநல்வாடையும் இத்தகையதொரு மாரியைக் காட்டுகின்றது. அங்கே ஆநிரை மேய்ச்சலை மறக்கின்றது, பறவைகள் விழுகின்றன, நகரத்து மாந்தர் சாளரங்களை அடைத்து, ‘தடவு’ எனப்படும் அகன்ற வாயையுடைய நெருப்புச் சட்டியைச் சூழ்ந்து கொள்கின்றனர். குளிர்ந்த நாளில் சிறியதோர் அறையைச் சூடாக வைத்திருத்தல் எவ்வாறு என்னும் வினா, ஆகவே, தமிழருக்குப் புதியதன்று.

அவ்வறை குளிப்பறையாயின் சிக்கல் இரு மடங்காகின்றது. ஏனெனில், அங்கே மனிதன் தன் ஆடையைக் களைந்து, தன் உடலைத் தானே நனைத்துக் கொள்கின்றான்.

முதலில் குளிர் எங்கிருந்து வருகின்றது என்று பார்ப்போம். மார்கழி விடியலில் வாவிக்கரையின் காற்று ஏறக்குறைய 23 பாகை செல்சியசு அளவுக்கு இறங்குகின்றது. கிணற்று நீரோ மண்ணின் ஆழத்திலே தங்கியிருப்பதால், ஆண்டு முழுவதுக்குமான சராசரி வெப்பத்தை ஒட்டி 27, 28 பாகையளவில் நிற்கின்றது. எனவே, குளிக்கும் நீர் காற்றிலும் சூடானது! முதல் வாளி நீர் தலையில் விழும்போது அது இதமாக இருப்பதும், வாளியைக் கீழே வைத்தவுடன் பல் கிட்டுவதும் இதனாலேயே. நடுக்கத்தைத் தருவது நீரன்று. உடலில் ஒட்டிய நீர் ஆவியாதலே. 1 கிராம் நீர் தோலின்மீதிருந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டு செல்கின்றது. காற்று வீச வீச அக்கொள்ளை விரைவுபடும்.

இவ்வுண்மையை ஏட்டில் எழுதாது செய்கையில் காட்டியவர்கள் நம் முன்னோர். கிணற்றடியைச் சுற்றிக் கிடுகினால் கட்டிய மறைப்பை நாணத்துக்காக அமைந்த தடுப்பென்றே நாம் எண்ணுகின்றோம். அது வாடையைத் தடுக்கும் சுவருமாகும். கூரையில்லாத அவ்வடைப்பினுள் வெந்நீர் இல்லாவிடினும், காற்று நின்ற மாத்திரத்தே குளிரிற் பாதி நின்றுவிடும்.

இன்னொரு பாதியை நீக்க வேண்டிய தேவை, பிள்ளை பெற்ற தாய்க்கு ஏற்பட்டது. மகப்பேறு வீட்டிலே நிகழ்ந்த காலத்தில், மருத்துவிச்சியின் பொறுப்பு பிள்ளை பிறந்தவுடன் முடிந்துவிடவில்லை. நொச்சி, வேம்பு, பாவட்டை முதலிய இலைகளை அவித்த வெந்நீரால் தாயைக் குளிப்பாட்டும் வேதுக் குளிப்பும் அவளுடைய கடமையாயிருந்தது. தாய் மாரிகாலத்தில் பிள்ளை பெற்றாளாயின் திறந்த கிணற்றடி அவளுக்கு ஆகாது. வீட்டின் ஒதுக்கிலே, பாயாலும் சீலையாலும் அடைத்த ஒரு சிற்றிடத்தில் கொதிநீர்ப் பானை வைக்கப்படும். பானையின் ஆவி அவ்விடத்தை நிரப்பிய பின்னரே குளிப்புத் தொடங்கும். ஈரம் நிறைந்த காற்றில் உடலின் நீர் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலின் நடுக்கமும் இல்லை. இடம் எவ்வளவுக்குச் சிறிதோ அவ்வளவுக்கு ஒரு பானை ஆவியே போதுமாயிற்று.

சுடுநீர் மட்டும் இருந்தாற் போதாது என்பதற்கு மட்டக்களப்பின் அயலிலேயே சான்று உண்டு. செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் நெடுஞ்சாலை வழியே மேற்கு நோக்கிப் போவோர் மகா ஓயாவை அடைவர். அங்கே நிலத்தினின்றும் இயற்கையாகவே வெந்நீர் ஊறுகின்றது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியாவிலும் அவ்வாறே. விறகின்றிக் கிடைக்கும் அவ்வெந்நீரை அள்ளிக் குளித்தவரும், மாரிக்காற்றில் ஈர உடலோடு நிற்க நேரின் நடுங்கவே செய்வர். நீர் சூடானது, இடம் சூடானதன்று. இவ்விரண்டும் வெவ்வேறு.

இடத்தையே சூடாக்கும் முயற்சிக்கு மிகப் பழைய சான்றொன்று பௌத்த விநய நூல்களில் உள்ளது. வைசாலி நகரிலே செல்வர் அளித்த செழுமையான உணவால் பிக்குகள் உடல்நலங் குன்றியிருந்தனர். அதைக் கண்ட மருத்துவன் சீவகன், உலாவுவதற்கு நடைமேடையும், வியர்த்துக் குளிப்பதற்கு வெப்ப அறையும் அவர்களுக்கு இசையுமாறு புத்தரை வேண்டினான் என்று சுள்ளவக்கம் கூறுகின்றது. அவ்வறைக்குப் பாலி மொழியில் ‘ஜந்தாகரம்’ என்று பெயர். அதற்கு வகுக்கப்பட்ட விதிகள் இன்றைய கட்டடக்காரரும் படிக்கத்தக்கவை. அறை சிறிதாயின் அடுப்பை ஒரு பக்கத்தில் அமைக்க வேண்டும்; பெரிதாயின் நடுவில் அமைக்கலாம். புகை வெளியேறத் தனி வழி வேண்டும். சேறுபடாதவாறு தரைக்குக் கல்லோ செங்கல்லோ பரப்ப வேண்டும். நீர் வடிய வாய்க்கால் வேண்டும். நெருப்பின் அனல் சுடாதிருக்க முகத்தில் மண்ணைப் பூசிக்கொள்ளவும் வேண்டும்.

நம் நாட்டிலும் இத்தகைய அறைகள் இருந்தன. குருநாகல் மாவட்டத்து அரங்கலை வனமடத்தின் இடிபாடுகளிடையே ஜந்தாகரம் ஒன்றின் எச்சங்களை இன்றும் காணலாம். மிகிந்தலையிலே 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவசாலையில், மனித உருவுக்கு அளவாகக் குடைந்த கல்தொட்டி இருக்கின்றது. மருந்தெண்ணெயிலும் மூலிகைக் கியாழத்திலும் நோயாளரைக் கிடத்துவதற்கு அத்தகைய தொட்டிகள் பயன்பட்டன.

விநய நூல் கூறும் நிகழ்ச்சியொன்று நம் ஆராய்ச்சிக்கு மிக முக்கியமானது. முரட்டுப் பிக்குகள் சிலர், மூத்தோர்மீது கொண்ட வெறுப்பினால், ஜந்தாகரத்தில் விறகை மிகுதியாகக் குவித்துத் தீ மூட்டிக் கதவை அடைத்து, வாயிலிலே உட்கார்ந்து கொண்டனர். உள்ளே இருந்தோர் வெப்பந் தாளாது, வெளியேற வழியுமின்றி மயங்கி விழுந்தனர். செய்தி புத்தருக்கு எட்டியது. கதவை அடைத்து வாயிலில் அமர்வது குற்றம் என விதி பிறந்தது. அடைத்த அறை காக்கவும் வல்லது, கொல்லவும் வல்லது என்பதை அக்காலத்தவர் உணர்ந்தமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இதே அறிவை மேற்றிசையில் உரோமரும் பெற்றிருந்தனர். தரையைச் சிறு தூண்களின்மீது உயர்த்தி, அடியில் உலையின் வெங்காற்றைச் செலுத்தி, சுவரினுள் பதித்த உள்ளீடற்ற ஓடுகளின் வழியே அதனை மேலேற்றினர். நெருப்பு வெளியே, சூடு மட்டுமே உள்ளே. கி.மு. முதலாம் நூற்றாண்டிற் கட்டடக்கலை நூல் இயற்றிய விட்ருவியசு, குளிப்பிடம் வடதிசைக்கு முகங் கொடுத்தலாகாது என்றும், வெப்ப அறையின் குவிமாடத்து நடுவே ஒரு துளை விட்டு அதன் கீழ் வெண்கலத் தட்டொன்றைச் சங்கிலியால் தொங்கவிட வேண்டும் என்றும் எழுதினார். தட்டை ஏற்றினால் துளை அடைபட்டுச் சூடு தங்கும். இறக்கினால் துளை திறந்து சூடு தணியும்.

இனி, இக்காலத்துக்கு வருவோம். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் நம்மவர் பல்லாயிரவர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறினர். வாவிக்கரையிற் பிறந்து உறைபனி நாட்டில் வாழ்வோருள், விடுமுறை நாட்களைச் சக்கரங்களின்மீது அமைந்த வீட்டு வண்டியிற் கழிப்போரும் இருக்கின்றனர். அவ்வண்டியும் ஒரு வரலாறுடையது. ஐரோப்பாவின் நாடோடிக் குடியினர் 19ஆம் நூற்றாண்டிலேயே அடுப்பும் புகைபோக்கியும் உள்ள குதிரை வண்டிகளில் வாழ்ந்தனர். 1885ஆம் ஆண்டில் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர், இன்பப் பயணத்துக்கென்றே ‘வாண்டரர்’ என்னும் வண்டியைச் செய்வித்து, இரு குதிரைகள் பூட்டி, இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்தின் இன்வர்னெசு வரை சென்றார். இக்காலத்து வண்டியிலோ படுக்கை, சமையலிடம் ஆகியவற்றோடு, ஒருவர் மட்டும் நிற்கத்தக்க குளிப்பறையும் உண்டு.

அச்சிறு குளிப்பறையைக் குளிர்காலத்திற் சூடாக வைத்திருப்பது பெரும்பாடு. சுவர் மெல்லியது, தரையின் கீழே குளிர்காற்று ஓடுகின்றது, கூரையில் நீராவி போக்கும் திறப்பு உண்டு. ஆயினும், வாவிக்கரைத் தாய்க்கு மருத்துவிச்சி செய்தவற்றையே இங்கும் செய்ய வேண்டியுள்ளது. முதலாவது, காற்று நுழையும் இடுக்குகளை அடைத்து, காலடியில் தடித்த விரிப்பை இடுதல். இரண்டாவது, உடலை நனைப்பதற்கு முன்னரே இடத்தைச் சூடாக்குதல். மூன்றாவது, குளித்து முடிந்ததும் கதவைத் திறவாது உள்ளேயே உடலைத் துவட்டி, உலர்ந்த ஆடை அணிந்து, அதன்பின் சுவரின் ஈரத்தைத் துடைத்து ஆவியை வெளியே விடுதல். ஈரம் உள்ளே தங்கினால் சுவர் பூஞ்சணம் பிடிக்கும்; மறுநாட் குளிரும் கூடும்.

இவற்றுக்கெல்லாம் மேலானது நான்காவது. புகையை உள்ளே விடலாகாது. கரியோ எரிவாயுவோ காற்றோட்டமில்லாத இடத்தில் எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு தோன்றுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதினும் 200 மடங்குக்கு மேலான வலிமையோடு இதனைப் பற்றிக் கொள்கின்றது. பிரித்தானிய அறிஞர் ஹால்டேன் 1890களில் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தி இந்நஞ்சின் இயல்பை ஆராய்ந்தார். தலைவலி, மயக்கம், உறக்கம் என்று தொடங்கி, உறங்குவோரை எழவொட்டாமற் செய்வது அதன் இயல்பு. ஆதலின், எரியும் கருவி வெளிக்காற்றை உட்கொண்டு கழிவை வெளியே தள்ளுவதாய் இருத்தல் வேண்டும். நஞ்சை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியும் வண்டியில் இருத்தல் வேண்டும்.

இவ்வாபத்து அயல்நாட்டாருக்கே உரியதென்று கருதுதல் பிழை. மகப்பேற்று அறையின் கதவும் சாளரமும் அடைத்து, தாயும் சேயும் கிடக்கும் கட்டிலருகே தணற்சட்டி வைக்கும் வழக்கம் தமிழர் இல்லங்களில் இருந்தது. அன்பினாற் செய்தது அது. ஆனால், ஓலைக் கூரையும் கிடுகு அடைப்பும் தாமே மூச்சு விட்டன. அவற்றின் இடுக்குகள் புகையை வெளியே கொண்டுபோயின. அதே தணற்சட்டியைச் சீமெந்துச் சுவரும் இறுகப் பூட்டும் சாளரமும் கொண்ட இன்றைய அறையில் வைப்போமாயின், முன்னோர் செய்ததையே செய்தவர்கள் ஆகமாட்டோம். வழக்கம் பழையது, வீடு புதியது. வீடு மாறியதை மறந்து வழக்கத்தை மட்டும் காப்பவர், ஜந்தாகரத்தின் வாயிலை அடைத்து அமர்ந்தவர் செய்ததையே அறியாது செய்கின்றனர்.

நேயர்களே! கிடுகு மறைப்பு, வேதுக் குளிப்பு, அரங்கலையின் கல்லறை, உரோமரின் வெண்கலத் தட்டு, பனி நாட்டு வீட்டு வண்டி ஆகிய யாவும் ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன. காற்றைத் தடு, சூட்டைச் சேர், புகைக்கு வழி விடு. முதலிரண்டையும் குளிரே நமக்கு நினைவூட்டிவிடும். மூன்றாவதை நாமே நினைவில் வைத்தல் வேண்டும். வரும் மார்கழியில் பிள்ளை பெற்ற ஒரு தாய்க்காக வெந்நீர்ப் பானை வைப்போர், நெருப்பை வெளியே வைத்து ஆவியை மட்டும் உள்ளே கொணர்வாராக. அதனால் தாயும் குளிர் அறியாள். சேயும் இனிது உறங்கி விழிக்கும்.