மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஞானப்பூ



போன தடவை பாக்கு மரத்தைப் பத்தி எழுதியிருந்தேன். இந்தத் தடவை வெள்ளாமை விசயம் இல்லை. ஒரு புருசன் பொண்டாட்டியோட வரலாறு. நடந்து 270 வருசத்துக்கு மேல ஆச்சு.

எங்க தோட்டத்துக்கு வடக்கால ஒரு குடும்பம் இருக்குதுங்க. நாகர்கோவில் பக்கத்துல இருந்து துடியலூருக்கு வந்து இடம் வாங்கி இருபது வருசம் ஆச்சு. கத்தோலிக்கர். ராத்திரி எட்டு மணியானா அவங்க ஊட்டுல டிவி அணைஞ்சிரும். பெரியவர், அந்தம்மா, மகன், மருமக, பேரக் குழந்தைக எல்லாரும் தரையில வட்டமா உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுவாங்க. அக்டோபர் மாசம் வந்தா எல்லாரும் ஒண்ணா கருமத்தம்பட்டி மாதா கோயிலுக்குப் போவாங்க. நான் மாரியம்மனைக் கும்பிடறவன். எங்க ஊட்டுல சாமி கும்பிடறது அவங்கவங்களுக்கு நேரம் கிடைக்கறப்ப நடக்கும். ஒரு குடும்பமே ஒரே நேரத்துல உட்காருதேன்னு எனக்கு எப்பவும் ஒரு ஆச்சரியம்.

அவங்க ஊட்டுச் சுவத்துல ஒரு படம் மாட்டியிருக்குது. கையில கால்ல சங்கிலியோட ஒருத்தர் முழங்கால் போட்டு வேண்டிக்கிட்டு இருப்பார். அவர்தான் தேவசகாயம். 2022 மே 15-ஆம் தேதி ரோமாபுரியில போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர்னு அறிவிச்சார். அதுவரைக்கும் இந்தியாவுல புனிதர் ஆனவங்க எல்லாம் சாமியார், கன்னியாஸ்திரி. கல்யாணம் பண்ணிக் குடும்பம் நடத்தின ஆள் இவர்தான் முதல்ல.

"இவருக்குச் சம்சாரம் இருந்தாங்களா? அவங்க என்ன ஆனாங்க?"ன்னு நான் ஒரு நாள் கேட்டேன். "அவங்க கதையை யாரும் கேக்க மாட்டாங்க அண்ணாச்சி"ன்னு அந்தம்மா சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

தேவசகாயத்தோட பழைய பேர் நீலகண்டன். 1712-ல் நட்டாலத்துல பிறந்தவர். இன்னிக்கு அது கன்னியாகுமரி மாவட்டம், அன்னிக்குத் திருவிதாங்கூர். மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்துல பத்மநாபபுரம் அரண்மனையில அதிகாரியா இருந்தார். அவர் சம்சாரம் பார்கவி.

1741-ல் குளச்சல்ல டச்சுக்காரனுக்கும் திருவிதாங்கூருக்கும் சண்டை வந்துச்சு. டச்சுக்காரன் தோத்தான். பிடிபட்டவங்கள்ல டிலனாய்னு ஒரு அதிகாரி இருந்தார். ராஜா அவரைக் கொல்லாம, தன் படைக்குப் பயிற்சி குடுக்கற வேலைய அவர்கிட்டயே ஒப்படைச்சார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போனா அவர் கல்லறையை இன்னிக்கும் பார்க்கலாம். அவரும் கத்தோலிக்கர்தான். நீலகண்டனுக்கும் அவருக்கும் சிநேகிதம் ஆச்சு.

அந்த நேரம் நீலகண்டனுக்கு மேல மேல நஷ்டம். மாடு செத்துச்சு, பயிர் காஞ்சுச்சுன்னு அவர் வரலாறு சொல்லுது. அந்த வேதனைய நாங்க விவசாயிங்க சொல்லாமலே புரிஞ்சுக்குவோம். டிலனாய் அவருக்கு பைபிள்ல இருக்கற யோபு கதையைச் சொன்னாராம். யோபுவுக்கு 7000 ஆடு, 3000 ஒட்டகம், 500 ஏர் மாடு, 500 கழுதை, பத்துப் பிள்ளைங்க. அத்தனையும் போயிருது. உடம்பெல்லாம் புண்ணு. அப்பவும் அவர் சாமியை விடலை. கதையைக் கேட்டு நீலகண்டன் மனசு திரும்புச்சு.

இங்க ஒண்ணு கவனிக்கணுமுங்க. யோபு கதையில சம்சாரம் ஒரே ஒரு தடவைதான் பேசறா. இன்னும் ஏன் அந்தச் சாமியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறே, தூசிச்சுட்டுச் செத்துப் போன்னு சொல்றா. அத்தோட அவ பேச்சு முடிஞ்சுது. பத்துப் பிள்ளையப் பறிகொடுத்த தாய் அப்படிப் பேசினதுல தப்புச் சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா அந்தக் கதையில யோபு தனி ஆள். நீலகண்டன் கதை அங்கதான் வேற மாதிரிப் போகுது.

1745 மே 14-ஆம் தேதி நீலகண்டன் வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கினார். குடுத்தவர் புத்தாரின்னு ஒரு இத்தாலி நாட்டு சேசு சபைச் சாமியார். வச்ச பேர் லாசர். அதோட தமிழ்ப் பேர்தான் தேவசகாயம். ஊட்டுக்கு வந்து சம்சாரத்துக்கிட்ட எல்லாத்தையும் எடுத்துச் சொன்னார். பார்கவியும் ஒத்துக்கிட்டு அதே ஊர்ல ஞானஸ்நானம் வாங்கினா. அவளுக்குத் தெரசான்னு பேர். தமிழ்ல ஞானப்பூ.

அவ விட்டது என்னன்னு யோசிச்சுப் பாருங்க. அந்த நாட்டுல அவங்க சமுதாயத்துல மருமக்கத்தாயம். சொத்து தாய் வழியில போகும். பொண்ணுக்குப் பிறந்த ஊடுதான் பலம். நம்ம பக்கம் பொண்ணு கட்டிக் குடுத்தா புருசன் ஊட்டோட சேர்ந்துருவா. அங்க அப்படி இல்லை. தன் சனத்தை விட்டுட்டு வர்றதுன்னா, உரிமையோட இருந்த கூரையையே விட்டுட்டு வர்றது. சொந்தக்காரங்க என்ன செய்வாங்களோன்னு பயம் வேற. அதனால ஊருக்குத் திரும்பாம வடக்கன்குளத்துலயே தங்கிட்டா.

வடக்கன்குளம் எங்க இருக்குதுன்னு தெரிஞ்சா கதை இன்னும் நல்லாப் புரியும். நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலி போற வழியில ஆரல்வாய்மொழிக் கணவாய் வரும். இப்ப அங்க காத்தாலை வரிசையா நிக்குது. அன்னிக்கு அதுதான் திருவிதாங்கூருக்கு எல்லை. கணவாய் தாண்டினா ராஜாவோட கை எட்டாது. வடக்கன்குளம் அந்தப் பக்கம். ஒரே நாள்ல நடந்து போயிட்டு வர்ற தூரம்தான்.

1749 பிப்ரவரியில தேவசகாயத்தைப் பிடிச்சாங்க. எருமை மேல பின்பக்கம் பார்த்து உட்கார வச்சு, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊரா கூட்டிட்டுப் போனாங்க. பெருவிளையில ஒரு வேப்பமரத்துல கட்டி வச்சிருந்தாங்க. மூணு வருசத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழி காத்தாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. அப்புறம் எலும்பைப் பொறுக்கிக் கோட்டாறு சவேரியார் கோயில்ல அடக்கம் பண்ணினாங்க. விசுவாசத்துக்காகக் கொன்னாங்கன்னு திருச்சபை சொல்லுது. திருவிதாங்கூர் வரலாறு எழுதின சிலர் ராஜதுரோகம்னு காரணம் சொல்றாங்க. அந்த வழக்கைத் தீர்க்க நான் ஆள் இல்லை. எல்லாச் சாதிக்காரங்களோடயும் ஒண்ணாப் புழங்கினது அவர் மேல கோவம் வரக் காரணமா இருந்துச்சுன்னு மட்டும் அவர் வரலாறு திரும்பத் திரும்பச் சொல்லுது.

கணவாய்க்கு இந்தப் பக்கம் அவரைச் சுட்டாங்க. அந்தப் பக்கம் ஞானப்பூ இருந்தா. திரும்பிப் பிறந்த ஊட்டுக்குப் போயிருக்கலாம். போகலை. இன்னும் 14 வருசம் வடக்கன்குளத்துலயே இருந்து 1766-ல் செத்தா. அங்கயே புதைச்சாங்க. புருசன் காட்டின வைராக்கியம் மூணு வருசம் ஊருக்கே தெரிஞ்சுது. இவ காட்டின 14 வருசத்தை யாரும் படம் வரையலை. குடும்பமா ஒரு விசுவாசத்துல நிக்கறதுன்னா அதுல பெரும்பங்கு இப்படித்தான் சத்தமில்லாமப் போகுது. தினமும் அடுப்பு பத்த வச்சு, தினமும் அக்கம்பக்கத்துப் பேச்சைக் கேட்டுக்கிட்டு, முடிவு பண்ணினதை மறுபடி மறுபடி முடிவு பண்ணறது.

கதை இத்தோட முடியலைங்க. வடக்கன்குளம் கோயில் பேர் திருக்குடும்ப ஆலயம். ஏசு, மரியா, சூசையப்பர் மூணு பேர் இருந்த குடும்பத்தோட பேர். ஞானப்பூ செத்து நூறு வருசத்துக்கு அப்புறம், 1870-கள்ல, அங்க ஒரு பெரிய கோயில் கட்டினாங்க. எப்படித் தெரியுமா? கால்சட்டையோட ரெண்டு கால் மாதிரி. ஒரு காலுக்குள்ள வேளாளர், இன்னொரு காலுக்குள்ள நாடார். பீடம் மட்டும் ஒண்ணு. ஒரே சாமி, ஒரே பூசை, ஆனா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கக் கூடாது. குடும்பத்தோட பேர் வச்ச கோயில்லயே பாகப்பிரிவினை.

1910-ல் கௌசானல்னு ஒரு பிரெஞ்சுச் சாமியார் நடுவுல இருந்த தடுப்பை இடிச்சார். வேளாளர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. கோயிலுக்குள்ள சாதிக்குத் தனி இடம் கேக்க உரிமை இல்லைன்னு ஆயிருச்சு. சாதிக்காரங்களோட கலந்து புழங்கினார்னு பழி சுமந்த ஒருத்தர் ஞானஸ்நானம் வாங்கின ஊர் அது. அவரைப் புனிதர்னு அறிவிச்சப்பக்கூட பேருக்குப் பின்னால இருந்த 'பிள்ளை'ங்கற சாதிப் பட்டத்தை எடுத்துட்டுத்தான் அறிவிச்சாங்க.

இதைப் படிச்சப்புறம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்கிட்டப் பேசினேன். அவர் மகன் கட்டிக்கிட்டது வேற சாதிப் பொண்ணு. கோயில்ல பழகி விரும்பினவங்க. ரெண்டு பேரும் கத்தோலிக்கர்தான். ஆனாலும் பெரியவரோட சொந்தக்காரங்க பாதிப்பேர் கல்யாணத்துக்கு வரலை. அவருக்கே முதல்ல தயக்கம் இருந்துச்சாம். அந்தம்மாதான் சொன்னாங்களாம்: "தினமும் எட்டு மணிக்கு ஒண்ணா உட்காருறோம்லா? அந்தப் பிள்ளை நம்ம பக்கத்துல உட்காரக் கூடாதுன்னா நாளையிலிருந்து நாம ஜெபம் சொல்ல வேண்டாம்." பெரியவர் பேசாம எழுந்து போய்ப் பத்திரிகை அடிக்கக் குடுத்தாராம். இன்னிக்கு அந்த மருமகதான் ஜெபமாலையை ஆரம்பிச்சு வைக்கறது.

கிறிஸ்தவங்களுக்கு மட்டும் சொல்ற சேதி இல்லைங்க இது. எங்க மாரியம்மன் நோம்பியிலயும் யார் எங்க நிக்கணும்னு கோடு இருந்துச்சு. சில இடத்துல இன்னும் இருக்குது. ஒரு குடும்பம் ஒரு சாமியை நம்பறேன்னு சொன்னா, அது நிசமான்னு தெரியறது ஊட்டுக்குள்ள யாரை உட்கார விடறாங்கங்கறதுல. எந்தச் சாமியா இருந்தாலும் அப்படித்தான்.

கன்னியாகுமரிக்குக் கார்ல போறவங்க காவல்கிணறு பக்கம் வண்டியைத் திருப்பினா வடக்கன்குளம் பக்கம்தான். கோட்டாறுல தேவசகாயம் கல்லறைக்கு எல்லாரும் போறாங்க, நீங்களும் போங்க. அப்படியே வடக்கன்குளத்துலயும் ஒரு பத்து நிமிசம் இறங்கி, ஞானப்பூ இருந்த ஊர் இதுதான்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க.