சிந்திப்பது வாஜிபா? காதி இப்னு றுஷ்தின் தீர்ப்பு

இப்னு றுஷ்தைப் பற்றி எம்மிடையே எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகையின. ஐரோப்பாவுக்கு அரிஸ்டோட்டிலைக் கற்பித்தவர் என்று பெருமைப்படுவது ஒன்று. இமாம் கஸ்ஸாலியோடு மோதியவர் என்று ஒதுக்கிவிடுவது மற்றொன்று. அவர் ஒரு காதி என்பதை இரு சாராருமே மறந்துவிடுகின்றனர். (காதி என்றதும் எமக்கு விவாக, விவாகரத்து வழக்குகளே ஞாபகம் வரும். அன்றைய அந்தலூஸில் அப்பதவியின் அதிகாரம் மிக விரிந்தது.)

1126இல் குர்துபாவில் பிறந்தார். அதே ஆண்டில் காலமான பாட்டனார் அந்நகரின் பிரதம காதி, தந்தையும் காதியே. இவர் 1169இல் இஷ்பீலியாவிலும் பின்னர் குர்துபாவிலும் அப்பதவியை வகித்தார். மாலிகி மத்ஹபைச் சேர்ந்தவராயினும், இமாம்கள் ஏன் கருத்து வேறுபட்டனர் என்பதற்குக் காரணம் தேடி 'பிதாயத்துல் முஜ்தஹித்' எழுதினார்.

1179 அளவில் அவர் எழுதிய 'பஸ்லுல் மகால்' என்ற சிறு நூலை நான் ஒரு பத்வாவாகவே வாசிக்கிறேன். தத்துவம் கற்பது ஷரீஆவில் ஆகுமானதா, ஹராமா, விரும்பத்தக்கதா, வாஜிபா என்பதே அதன் கேள்வி. ஆற்றலுள்ளவருக்கு வாஜிப் என்பது தீர்ப்பு. பார்வையுடையோரைப் படிப்பினை பெற அழைக்கும் சூறா அல்-ஹஷ்ர் வசனம் அவரது ஆதாரங்களுள் ஒன்று. கிரேக்கர்கள் முஸ்லிம்கள் அல்லவே என்பாருக்கு அவர் சொல்லும் பதில் பிக்ஹ் அறிந்தவருக்கே தோன்றக்கூடியது. அறுக்கும் கத்தி நிபந்தனைகளுக்கு அமைவாக இருந்தால், அது எம்மவருடையதா பிறருடையதா என்று நாம் கேட்பதில்லையே! தத்துவம் படித்துச் சிலர் வழிதவறினர் என்பாருக்கோ, தண்ணீர் புரையேறிச் சிலர் இறந்ததற்காகத் தாகித்தவனுக்குத் தண்ணீரைத் தடுப்பதா என்று கேட்கிறார்.

கடமை என்றான பின், இயன்றும் சிந்திக்காதவர் பதில் சொல்ல வேண்டியவராகிறார். தடுப்பவரும் அப்படியே.

ஆயினும் ஓரிடத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆழ்ந்த விளக்கங்களைப் பொதுமக்களிடம் சொல்லலாகாது, அவர்கள் வெளிப்படையான பொருளோடு நிற்கட்டும் என்றார். இவற்றை எல்லோரும் வாசிக்கும் நூல்களில் எழுதியது கஸ்ஸாலி மீது அவர் கூறும் குறைகளில் ஒன்று. குழப்பத்துக்கு அஞ்சினார் என்பது விளங்குகிறது. ஆனால், ஒரு சிலருக்குள் அடைத்து வைத்த சிந்தனையைப் பறிக்க வந்தால், அதைக் காக்க எழும் சனம் எங்கிருந்து வரும்?

1195இல் பறிக்க வந்தார்கள். கலீபா யஃகூப் அல்மன்சூர் காஸ்டீலுக்கு எதிராகப் பெரும் போர் நடத்திய ஆண்டு அது. மார்க்க அறிஞர்களின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது என்பர் வரலாற்றாசிரியர். இப்னு றுஷ்த் குற்றஞ்சாட்டப்பட்டு லூசேனாவுக்கு அனுப்பப்பட்டார். மருத்துவம், கணிதம், வானியல் தவிர்ந்த நூல்களை எரிக்கக் கட்டளை பிறந்தது. அந்நாட்களில் தம்மை மிகவும் வருத்தியது எது என அவரே கூறியதாகப் பழைய குறிப்பொன்று உண்டு. மகன் அப்துல்லாஹ்வுடன் அஸர் தொழுகைக்காகக் குர்துபாவில் பள்ளிவாசலுக்குள் சென்றபோது, ஒரு கும்பல் இருவரையும் வெளியே துரத்தியதாம். அவர் காதியாக இருந்து தீர்ப்புச் சொன்ன ஊர் அது. வயதோ எழுபதை நெருங்கியிருந்தது.

பின்னர் மன்னிப்புக் கிடைத்து மராகிஷுக்கு அழைக்கப்பட்டார். 1198 டிசம்பரில் அங்கேயே மௌத்தானார். மூன்று மாதங்களின் பின் ஜனாஸா குர்துபாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. சுமை விலங்கின் ஒரு பக்கம் உடலும், பாரம் சமப்பட மறுபக்கம் அவர் எழுதிய நூல்களும் ஏற்றப்பட்டிருந்ததைக் கண்டதாக இப்னு அரபி எழுதியிருக்கிறார்.